நினைவூட்டலும் நச்சரிப்பும்

கேள்வி: திருநெல்வேலியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. பல நாட்டவர் சேர்ந்து எழுதும் ஒரு திறந்த மூல மென்பொருளில் தேதியைக் காட்டும் இடத்தில் பிழை ஒன்றைக் கண்டு, திருத்தி அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. ‘ப்ளீஸ் ரிவ்யூ, சார்’ என்று தினமும் நினைவூட்டினேன். வேறு சில உறுப்பினர்களையும் பெயர் சுட்டி அழைத்தேன். கடைசியில், ‘டெஸ்ட் எழுதப்படவில்லை, வழிகாட்டியைப் படியுங்கள், தொடர்ந்து நினைவூட்டாதீர்கள்’ என்று எழுதி, என் புல் ரிக்வெஸ்டை (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பத்தை) மூடிவிட்டார்கள். ‘உங்களுக்குப் புதியவர்களைப் பிடிக்காது’ என்று கோபமாக எழுதிவிட்டேன். இப்போது நடத்தை விதிகளைக் குறிப்பிட்டுத் தனி மின்னஞ்சலில் எச்சரிக்கை வந்திருக்கிறது. நான் மரியாதையாகத்தானே கேட்டேன்? ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு அங்கே இடம் உண்டா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்களை அவமதிப்பதற்காக அவர்கள் அதை மூடவில்லை. டெஸ்ட், அதாவது திருத்தம் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கும் நிரல், இல்லாத திருத்தத்தை ஏற்றுக்கொண்டால், நாளை அது வேறோர் இடத்தில் பழுதை உண்டாக்கும்போது அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, அதை ஏற்றுக்கொண்ட பராமரிப்பாளர்தான். நீங்கள் படிப்பை முடித்து வேலைக்குச் சென்ற பிறகும் அந்த வரிகள் அவர் பொறுப்பில்தான் இருக்கும். மூடப்பட்ட புல் ரிக்வெஸ்டை அவர்கள் மீண்டும் திறக்கவும் முடியும், நீங்கள் புதிதாக அனுப்பவும் முடியும். அவர் எழுதிய பதில் சுருக்கமானது என்பது உண்மை. ஆனால் என்ன குறை, எங்கே பார்க்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. கனிவான ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம் என்பதில் எனக்கும் உங்களோடு உடன்பாடுதான்.

மரியாதையாகக் கேட்டேன் என்கிறீர்கள். கல்லூரியிலும் அலுவலகத்திலும் மரியாதையை விளிச்சொல்லில் வைத்தே பழகியவர்கள் நாம். அங்கே லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவரைக் கூட லினஸ் என்று பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். ‘சார்’ என்று நீங்கள் எழுதியது ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். படிப்பவருக்கு எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தினோம் என்பதை வைத்துத்தான் அங்கே ஒருவருடைய பண்பை எடைபோடுகிறார்கள். வழிகாட்டியைப் படித்துவிட்டு அனுப்புவது, பிழை எந்தப் பதிப்பில், எந்தச் சூழலில் தோன்றுகிறது என்று எழுதுவது, ஒரே திருத்தத்தில் மூன்று விஷயங்களைக் கலக்காமல் இருப்பது ஆகிய எல்லாம் மரியாதையின் வடிவங்கள். ‘இந்த இஷ்யூவை (பதிவான பிழையை) எனக்கு ஒதுக்குங்கள்’ என்று கேட்டு வாங்கிவிட்டுச் சொல்லாமல் காணாமல் போவதோ அவமரியாதைக் கணக்கில்தான் வரும். விலகுவதென்றால் முன்கூட்டியே சொல்லி, பிறர் தொடர வழிவிட்டு விலக வேண்டும் என்று உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் நடத்தை விதிகள் கேட்டுக்கொள்கின்றன.

அன்றாட நினைவூட்டலில் என்ன கெட்டுவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். லினக்ஸ் இயங்கும் கணினிகள் ஏறக்குறைய அனைத்திலும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருள் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாக லாஸே காலின் என்பவர் ஏறத்தாழத் தனி ஆளாகப் பராமரித்து வந்தார். 2022இல், முன்பின் அறியாத சிலர், வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதி அவரை நெருக்கினார்கள். நீண்ட காலமாகத் தமக்கு மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது ஊதியமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதையும் அவர் பொதுவெளியிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. ஒத்தாசையாக வந்து நம்பிக்கையைப் பெற்ற ஜியா டான் என்ற பெயருக்குக் கடைசியில் பராமரிப்பு உரிமை கிடைத்தது. 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் கணினிக்குள் கள்ளத்தனமாக நுழைய உதவும் ஒரு புறவாசலை ஒளித்து வைத்திருந்தார். தொலைவிலிருக்கும் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், அந்த ஆண்டு மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். முன்பு நெருக்கியவை இதற்காகவே உருவாக்கப்பட்ட போலிப் பெயர்கள் என்று இன்று பரவலாகக் கருதப்படுகிறது. உங்களை அவர்களோடு ஒப்பிடவில்லை. ஆனால் சோர்ந்திருக்கும் ஒருவரை அவசரப்படுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்தச் சமூகங்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன. உங்களுடைய அன்றாட நினைவூட்டலை அவர்கள் அந்த நினைவோடுதான் படித்திருப்பார்கள்.

இன்னொரு பின்னணியையும் சொல்லிவிடுகிறேன், கேட்கக் கசப்பாக இருந்தாலும். 2020இல், நான்கு புல் ரிக்வெஸ்டுகள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று, திறந்த மூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு அறிவித்திருந்தபோது, ஆவணங்களில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்பிய வெற்றுத் திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியிருந்தது. 2024இல் எக்ஸ்பிரஸ் என்ற இணைய மென்பொருள் திட்டத்தின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி மாணவர்கள் வரிசையாக அனுப்பியதற்கு, நம் நாட்டுக் காணொளிப் பாடம் ஒன்றே காரணமாக இருந்தது. பயிற்சிக்கென்று தனி இடங்கள் இருக்கும்போது, பிறர் உழைக்கும் இடத்தில் பயிற்சி பார்க்கச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள்மீதுதான் எனக்குக் கோபம். அந்தச் சலிப்பில் கொஞ்சம் உங்கள்மீதும் படிகிறது. அது நியாயமில்லை, ஆனால் தரமான ஒரு திருத்தம் வந்து சேர்ந்தால் விலகிவிடக்கூடியதுதான்.

எச்சரிக்கைக் கடிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். பல திட்டங்கள் பின்பற்றும் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற விதித்தொகுப்பின் இரண்டாம் பதிப்பு, பிழையைச் சுட்டிக்காட்டுதல், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று படிப்படியாக உயர்கிறது. உங்களுக்குத் தனி மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார்கள் என்பதிலேயே, உங்களைப் பலர் முன்னிலையில் நாணச் செய்ய அவர்கள் விரும்பவில்லை என்பது தெரிகிறது.

அதே விதிகள் உங்களையும் காக்கின்றன. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை எழுதும் சமூகத்தில் வசைபாடுவதைத் திறமையின் துணைப்பண்பாகச் சகித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2018 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிய தாக்குதல் மடல்கள் தொழில்முறைக்கு ஒவ்வாதவை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் விலகியிருந்தார். கெர்னலுக்கு முறையான நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. எனவே நாளை யாரேனும் உங்கள் ஊரையோ, மொழியையோ, அறிவையோ இழித்துப் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொது விவாதத்தில் மல்லுக்கு நிற்காமல், விதிகளில் கொடுத்திருக்கும் முகவரிக்கு, நடந்ததை இணைப்போடு எழுதுங்கள். உங்கள் நிரலைக் குறை சொல்வதும் உங்களைக் குறை சொல்வதும் வேறு வேறு என்பதை மட்டும் அதற்கு முன் ஒரு முறை பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பற்றிய கவலைக்கு, டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் சமூகம் 2014இல் வாக்கெடுத்து ஏற்றுக்கொண்ட விதிகளிலேயே விடை இருக்கிறது. பிறர் நல்லெண்ணத்தோடுதான் செயல்படுகிறார்கள் என்று கொள்ளுங்கள் என்று கூறும் இடத்தில், பங்களிப்பாளர் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பதை அவை வெளிப்படையாகவே நினைவூட்டுகின்றன. சிறிய, எளிய வாக்கியங்கள் போதும். நீங்கள் எழுதியதன் மொழியைச் செப்பனிடச் செயற்கை நுண்ணறிவின் உதவியை நாடலாம், அந்தத் திட்டத்தின் விதி தடுக்காத வரையில். ஆனால் பிழை அறிக்கையையே அதனிடம் எழுதி வாங்காதீர்கள். அப்படி வந்த பொய்யான பாதுகாப்பு அறிக்கைகளால் நேரம் வீணாவதைப் பற்றி, இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளை நடத்திவரும் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே கடுமையாக எழுதியிருந்தார்.

இனிச் செய்ய வேண்டியது: எச்சரிக்கை அனுப்பியவருக்கு, நான் எழுதியது தவறு, இனி அப்படி எழுத மாட்டேன் என்று இரண்டு வாக்கியங்களில் பதில் எழுதுங்கள், விளக்கமோ, குடும்பச் சூழலோ, நீண்ட மன்னிப்போ அதில் வேண்டாம். பிறகு வழிகாட்டியைப் படித்து, அந்தத் தேதிப் பிழைக்கு டெஸ்ட் எழுதி, உங்கள் கல்லூரியிலோ, சென்னையின் ஐஎல்யுஜிசி போன்ற லினக்ஸ் பயனர் குழுக்களிலோ அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிட்டு மீண்டும் அனுப்புங்கள். இரண்டு வாரம் கழிந்தும் மௌனமாக இருந்தால், ஒரே ஒரு முறை, யாரையும் பெயர் சுட்டாமல், வேறு ஏதேனும் மாற்ற வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அந்தத் திருத்தத்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பிழையைப் பார்க்கலாம். தேதி சரியாகத் தெரிய வேண்டும் என்று விரும்பும் இன்னொருவர் பின்னாளில் அதைக் கண்டெடுத்துக்கொள்வது அங்கே அரிதான ஒன்றல்ல.