'டிகே' என்றால் அழுகலா?

கேள்வி: 'டிகே' (decay) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாடநூல்களில் 'சிதைவு' என்று போடுகிறார்கள். 'அழுகல்' என்றால் எல்லோருக்கும் புரியுமே, ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

பதில்: அந்தச் சொல்லின் வேரில் அழுகலே கிடையாது. இலத்தீனில் 'டே' என்றால் கீழே, 'கடெரே' என்றால் விழுதல். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது செல்வமும் செல்வாக்கும் குன்றுவதைத்தான் குறித்தது. பொருள்கள் கெட்டு அழுகுவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். இலையுதிர் மரத்தைச் சொல்லும் 'டெசிடுவஸ்', எதிர்பாராமல் வந்து விழும் 'ஆக்சிடென்ட்' இரண்டும் இதே வேரில் பிறந்தவை. அழுகலுக்கென்றே ஆங்கிலத்தில் 'ராட்' (rot) இருக்கிறது. அது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல்.

சிதைவையும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. கதிரியக்கத்துக்கு அது பொருந்தும்: அணுக்கரு தானாகவே வேறொன்றாக மாறுகிறது, கார்பன்-14இல் பாதி நைட்ரஜனாக மாறச் சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். ஆனால் 'ஆர்பிட்டல் டிகே'யைச் 'சுற்றுப்பாதை சிதைந்தது' என்று எழுதினால் பிழை. அங்கே எதுவும் உடையவில்லை. சில நூறு கிலோமீட்டர் உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அது உரசி உரசி ஆற்றலைக் குறைக்க, செயற்கைக்கோள் சுற்றுக்குச் சுற்று கீழிறங்கும். அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் 1979 ஜூலையில் அப்படித்தான் வந்து விழுந்தது. 'சுற்றுப்பாதை தாழ்ந்தது' என்பதே சரி. மூலச் சொல்லின் பொருளும் அதுவே.

மரவேலைக் குறிப்புகளில் சொல்லை மாற்றிப் போடும் பிழை காசையே கரைத்துவிடும். மரத்தின் 'டிகே' பூஞ்சையால் வருவது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது வளரும். மரம் மெத்தென்று ஆகி இற்றுப்போகும். உளுத்தல் வேறு. அது வண்டின் புழு குடைவது. சிறு துளைகளும் அவற்றிலிருந்து கொட்டும் மாவு போன்ற தூளும் அடையாளம். இற்ற மரத்தை உளுத்த மரம் என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் பூச்சிமருந்து வாங்கி அடிப்பார். அடைக்க வேண்டிய ஒழுகல் அப்படியே இருக்கும், உத்தரமும் தொடர்ந்து இற்றுக்கொண்டிருக்கும்.

எல்லோருக்கும் புரிய வேண்டும் என்கிறீர்கள். சோறு ஊசிப்போகும், பல் சொத்தையாகும், இலை மக்கும், பழந்துணி நைந்துபோகும், ஊர் நலியும். இதில் எது யாருக்குப் புரியாது? இத்தனை வினைகள் கையில் இருக்கும்போது ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழம், கிழங்கு, வேர் என்று வரும்போது அழுகலைத் தாராளமாக எழுதுங்கள். தென்னையில் குருத்தழுகல், கடலையில் வேரழுகல், இஞ்சியில் கிழங்கழுகல் என்று வேளாண்மையில் ஏற்கெனவே பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.