வீடியோ பாத்தா மட்டும் லேப்டாப் திக்குது, சவுண்டு நல்லா வருது, படம்தான் நொண்டுது, ரேம் போட்டா சரியாகுமா?

ரேம் வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. நீங்க சொல்றத வச்சு பாத்தா சவுண்டு ஒழுங்கா வருது, படம் மட்டும் நொண்டி நொண்டி வருது. நெட் ஸ்லோவா இருந்தா நடுவுல வட்டம் சுத்தும், சவுண்டும் சேந்தே நின்னுடும். சவுண்டு பாட்டுக்கு ஓடுது படம் பின்னாடி இழுத்துக்கிட்டு வருதுன்னா வீடியோவை டீகோட் பண்றதுல, அதாவது சுருக்கி வச்சிருக்குறத விரிச்சு படமாக்குறதுல, மெஷின் திணறுதுன்னு அர்த்தம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப சித்தப்பா இதே கதைதான் சொன்னாரு. 2013ல வாங்குன லேப்டாப், இன்டெல் ஐ3 தேர்ட் ஜென் (மூணாவது தலைமுறை) சிப், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அவர் பாக்குறதெல்லாம் யூடியூப்ல பட்டிமன்றமும் கச்சேரியும்தான். பக்கத்து கடையில குடுத்து ஃபார்மேட் பண்ணி வாங்கியிருக்காரு, அதுக்கப்புறம் முன்னவிட மோசம், திரும்ப கொண்டுபோனா "ரேம் பத்தாது சார், 1800 ரூபா ஆகும்"னு சொல்லியிருக்காங்க. "ஏன்டா, நீ கம்ப்யூட்டர்லதான வேலை பாக்குற, கொஞ்சம் பாரேன்"னு மடியில கொண்டாந்து வச்சிட்டாரு.

எடுத்ததும் ஸ்க்ரீன் கண்ணு கூசுதேன்னு ப்ரைட்னஸ் கம்மி பண்ணப் பாத்தேன், கீயை அமுக்குறேன் அமுக்குறேன் ஒண்ணும் நடக்கல. அங்கயே சந்தேகம் வந்துடுச்சு. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் தொறந்தா "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு உக்காந்திருக்கு. அதாவது ஃபார்மேட் பண்ணவங்க கிராஃபிக்ஸ் டிரைவரே (கிராஃபிக்ஸ் சிப்பை வேலை வாங்குற சாஃப்ட்வேர்) போடல, அப்டேட்டையும் ஆஃப் பண்ணி வச்சிட்டாங்க, அதனால தானாவும் ஏறல. டிரைவர் இல்லன்னா கிராஃபிக்ஸ் சிப் சும்மா கெடக்கும், மொத்த பாரமும் சிபியு, அதாவது மெயின் ப்ராசஸர் தலையில. 1080பி வீடியோவுல ஒரு ஃப்ரேமுக்கே 20 லட்சத்துக்கு மேல பிக்ஸல், செகண்டுக்கு 30 ஃப்ரேம், அந்த ஐ3ல இருக்குற ரெண்டே ரெண்டு கோர் பாவம் என்ன பண்ணும்? லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து அந்த மாடலுக்கான டிரைவர் எறக்கி போட்டேன். ப்ரைட்னஸ் வேலை செஞ்சுது, 480பி வீடியோ வழுக்கிட்டு ஓடுச்சு.

ஆனா 1080பி வச்சா திரும்ப அதே திக்கல். டாஸ்க் மேனேஜர்ல சிபியு 97, 98 சதவீதத்துல நிக்குது. இப்பதான் முக்கியமான இடம், இதை நீங்களும் பண்ணிப் பாருங்க. யூடியூப் வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி "ஸ்டேட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்" அமுக்குங்க, ஒரு கறுப்பு பெட்டி வரும். அதுல கோடெக்ஸ்னு (வீடியோவை எந்த முறையில சுருக்கியிருக்குன்னு) ஒரு வரி, ட்ராப்டு ஃப்ரேம்ஸ்னு (காட்ட முடியாம விட்ட ஃப்ரேம்) ஒரு எண்ணிக்கை. சித்தப்பா லேப்டாப்ல கோடெக் விபி09, அதாவது விபி9, ட்ராப் ஆன ஃப்ரேம் கண்ணு முன்னாடியே நூறு நூறா ஏறுது. விஷயம் என்னன்னா அந்தக் காலத்து சிப்ல எச்264ங்கிற பழைய கோடெக் வீடியோவை டீகோட் பண்ண தனி சர்க்யூட் இருக்கு, விபி9க்கு கெடையாது. இன்டெல்ல அது முழுசா வந்தது செவன்த் ஜென்லதான், அதுக்கும் புது கோடெக்கான ஏவி1க்கு லெவன்த் ஜென் வரணும். யூடியூப்புக்கு விபி9 அனுப்புனா டேட்டா மிச்சம், அதனால அதைத்தான் தள்ளும், உங்க சிப்போட வயசு அதுக்கு எதுக்கு? எச்264ஃபைனு ப்ரவுசர்ல சேக்குற ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, அந்த பேர்லயே ரெண்டு மூணு வகை கிடைக்கும், போட்டீங்கன்னா யூடியூப் எச்264ல அனுப்பும், பெட்டில ஏவிசி1னு (எச்264க்கு இன்னொரு பேரு) காட்டும். போட்டதும் சிபியு 35க்கு எறங்கிடுச்சு. டேட்டா கொஞ்சம் கூட போகும், 1080பிக்கு மேல கிடைக்காது, அவ்ளோதான். அப்படியே க்ரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸலரேஷன் (வீடியோ வேலையை கிராஃபிக்ஸ் சிப்புக்கு குடுக்குறது) ஆன்ல இருக்கான்னும் பாத்துடுங்க, எவனோ சொன்னான்னு ஆஃப் பண்ணி வச்சவங்க நெறைய பேர்.

டவுன்லோட் பண்ண படத்துக்கும் இதே கதைதான், ஃபைல் பேர்ல எக்ஸ்265, 10பிட்னு இருந்தா அது பழைய சிப்புக்கு ஆகாத புது வகை, எக்ஸ்264 (எச்264 வகைதான்) இருந்தா அதை எடுங்க.

எல்லாம் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சா, முக்கால் மணி நேரம் கழிச்சு "டேய், திரும்ப ஆரம்பிச்சிடுச்சு"ன்னு உள்ளேருந்து குரல். போய் பாத்தா கட்டில்ல போர்வை மேல வச்சு பாத்துட்டு இருக்காரு, அடில தொட்டா தோசைக்கல்லு மாதிரி. 1.8 கிகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டிய சிபியு சூடு தாங்காம 0.8ல ஊர்ந்துட்டு இருக்கு. பின்பக்க மூடியை கழட்டுனா ஃபேனுக்கும் சூட்டை வெளிய கடத்துற செம்பு தகடுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி கெட்டியா படிஞ்சு, நகத்தால பிடிச்சு இழுத்தா ஒரே துண்டா வருது. பிரஷ்ஷால தட்டி, சிபியு மேல சூட்டை கடத்த தடவியிருக்குற பழைய தெர்மல் பேஸ்ட்டை தொடச்சு புதுசு வச்சு மூடுனேன். உங்களுதும் மொத பத்து நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் திக்குனா மொதல்ல இந்த சூட்டையும் தூசியையும் பாருங்க.

 

ரேம் வேணவே வேணாம்னு சொல்லல. வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜர்ல மெமரி 90 சதவீதத்தை தாண்டி டிஸ்க்கும் 100லயே ஒட்டிக்கிட்டு இருந்தா ரேம் போடுங்க, ஹார்டு டிஸ்க்கா இருந்தா எஸ்எஸ்டியும் மாத்துங்க. சிபியு மட்டும் 100னா ரேம் ஒண்ணும் பண்ணாது. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியுன்னு (கிராஃபிக்ஸ் சிப்) தனியா ஒரு வரி இருந்தா அதுல வீடியோ டீகோட் ஏறுதான்னும் பாக்கலாம், ரொம்ப பழைய சிப்ல அந்த வரியே வராது, பயப்பட வேணாம்.

சித்தப்பா லேப்டாப் ஸ்க்ரீன் 1366க்கு 768தான்னு கெளம்புறப்பதான் கவனிச்சேன். 1080பி வச்சாலும் அதுல தெரியப்போறது இல்ல, 720பிலயே வச்சுவிட்டு வந்துட்டேன், இன்னிக்கு வரைக்கும் அவர் வித்தியாசம் கண்டுபிடிக்கல.