காசு கொடுத்த தண்ணீரும் காசில்லாத தண்ணீரும்

கேள்வி: பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் சொந்த போர் (ஆழ்துளைக் கிணறு), இலவச மின்சாரம். நான் அவரிடம் மணிக்கணக்குப் பேசித் தண்ணீர் வாங்குகிறேன். இருவருமே கடலைதான் போட்டிருக்கிறோம். அவர் அடிக்கடி பாய்ச்சுகிறார், நான் மண் காய்ந்த பிறகே கேட்கிறேன். மகசூலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தக் கோடையில் அதே மணிநேரத்துக்குக் கொஞ்ச வயல்தான் நனைகிறது. ஏன்? – வாசகர், பல்லடம்

பதில்: தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாய பம்ப்செட்டுக்கும் மின்சாரம் இலவசம். மோட்டாருக்குக் காயில் கட்டுவது, போரை ஆழப்படுத்துவது என்று அவருக்கும் செலவு உண்டு. ஆனால் இன்றைக்கு ஒரு மணிநேரம் கூடுதலாக ஓட்டினால் அந்தச் செலவு எவ்வளவு ஏறும் என்பது கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் இருக்கும்போதே இறைக்காவிட்டால் அடுத்த போர் இழுத்துவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. உங்களுக்கோ ஒவ்வொரு மணிக்கும் பையிலிருந்து காசு போகிறது, அதனால் மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறீர்கள். அது சரியான பழக்கம்தான். ஆனால் பூக்கும்போதும், விழுது இறங்கிக் காய் பிடிக்கும்போதும் காசைப் பார்த்துத் தண்ணீரைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு பாய்ச்சல் தவறினால் போகும் மகசூல் தண்ணீர்க் காசைவிடப் பல மடங்கு.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு வருவோம். மணி என்பது தண்ணீருக்கு அளவே அல்ல. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் கொடுக்கும் தண்ணீர் குறையும். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிரம்பும் விநாடியை எண்ணுங்கள். 25 விநாடி ஆனால் மணிக்கு 28,800 லிட்டர். 40 விநாடி ஆனால் 18,000 லிட்டர்தான். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரம் தண்ணீர் நிற்க சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். முன்பு 7 மணிநேரத்தில் முடிந்த வேலைக்கு இப்போது 11 மணிநேரத்துக்கு மேல் ஆகும். மணி ரேட் ஏறவில்லை, தண்ணீர் விலை ஏறிவிட்டது. பருவத்துக்கு ஒருமுறை டிரம் வைத்துப் பார்த்து, லிட்டர் கணக்கில் ரேட் பேசுங்கள்.

மண் வாய்க்காலில் கொண்டுபோகிறீர்கள் என்றால் வழியிலும் இழப்பு உண்டு. ஒரு பலகையில் 90 டிகிரி கோணத்தில் 'வி' வெட்டி வாய்க்காலுக்குக் குறுக்கே மண் கசியாமல் நடுங்கள். தண்ணீர் மறுபக்கம் தங்குதடையின்றி விழ வேண்டும், தேங்கி நின்றால் கணக்கு பொய். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் உயரத்தை, பலகைக்குச் சற்று முன்பாக, தண்ணீர் வரும் பக்கத்தில் அளக்க வேண்டும். 13 செ.மீ. என்றால் விநாடிக்கு 8.4 லிட்டர், 11 செ.மீ. என்றால் 5.5 லிட்டர். பம்பருகே 13, வயல் மடையில் 11 என்று வந்தால், காசு கொடுத்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வாய்க்காலோடு போயிற்று. பிவிசி குழாய் போடும் செலவை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆற்றுப் பாசனத்துக்குத் தண்ணீர் வரியைக் கூட்டினால் விவசாயிகள் சிக்கனமாகிவிடுவார்களா? – வாசகர், மன்னார்குடி

பதில்: ஆக மாட்டார்கள். அந்த வரி ஏக்கர் கணக்கு. மடையை ஐந்து முறை திறந்தாலும் பதினைந்து முறை திறந்தாலும் அதே தொகைதான். கூட்டினால் குத்தகை கூடியது போல வலிக்குமே தவிர, மடையை ஒருநாள் முன்னதாக மூட யாருக்கும் காரணம் கிடைக்காது. அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவர் இன்றே வயலை நிரப்பி வைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏ. வைத்தியநாதன் தலைமையிலான பாசன நீர் விலைக் குழு 1992-லேயே, படிப்படியாக அளவுக் கணக்குக்கு மாறச் சொன்னது. மடைக்கு மடை மீட்டர் நடக்கிற காரியமில்லை. கிளை வாய்க்காலின் தலைப்பில் அளந்து பாசனதாரர் சங்கத்துக்கு மொத்தமாகக் கொடுக்கலாம். மகாராஷ்டிரா 2005-ல் அதற்காகவே சட்டம் இயற்றியது.

கடைமடையில் டீசல் இன்ஜின் வைத்து இறைப்பவருக்கு விலை ஏற்கெனவே சுடுகிறது. 5 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். அவர் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவதாகச் செய்தால் நேரடி லாபம். 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் துளையிட்டு, பாதி மேலே தெரியும்படி வயலில் புதைத்து, உள்ளே மண்ணை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் நீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. கட்டினால் போதும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை மட்டும் காயவிடக் கூடாது.

கேள்வி: பம்ப்செட்டுக்கு மீட்டர் வைத்தால் என்ன ஆகும்? – வாசகர், தர்மபுரி

பதில்: மேற்கு வங்கத்தில் 2007 முதல் மீட்டர் வைத்தார்கள். மாலை 5 முதல் இரவு 11 வரை விலை அதிகம், 11-க்கு மேல் குறைவு. அதற்கு முன், எவ்வளவு ஓட்டினாலும் ஒரே தொகை என்று மொத்தக் கட்டணம் கட்டியவர்கள், கட்டிய காசை எடுக்க அக்கம்பக்கத்தாருக்குத் தண்ணீர் விற்றார்கள். மீட்டர் வந்ததும் விற்க வேண்டிய நெருக்கடி போயிற்று, தண்ணீர் ரேட் ஏறியது. அடி வாங்கியது போர் இல்லாத சிறு விவசாயி. மீட்டர் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பஞ்சாபில் 2018-ல் வேறு வழியில் தொடங்கினார்கள். விரும்பிச் சேர்ந்தவருக்கு யூனிட் ஒதுக்கீடு, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வங்கிக் கணக்கில் 4 ரூபாய். 30 மீட்டர் ஆழத்திலிருந்து, 40 சதவீதத் திறனுள்ள மோட்டாரில், ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்ச ஏறத்தாழ 41 யூனிட் ஆகும். ஒரு வீண் பாய்ச்சலைத் தவிர்த்தால் 164 ரூபாய். 60 மீட்டர் ஆழமானால் அதுவே இரட்டிப்பு. பூக்கும் பயிரைக் காயப்போட வைக்கிற தொகையல்ல இது. தேவையில்லாமல் ராத்திரி முழுக்க ஓடும் மோட்டாரை நிறுத்த வைக்கும். இலவசத்தைப் பறிக்காமலே மிச்சத்துக்கு விலை வைக்கும் இந்த வழிதான் நமக்கு ஒத்துவரும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: சொட்டுநீர் போட்டால் நிலத்தடி நீர் மிஞ்சுமா? – வாசகர், உடுமலை

பதில்: உங்கள் பயிருக்கு மிஞ்சும். போருக்கு மிஞ்சுமா என்பது நீங்கள் அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தண்ணீருக்கு விலை இல்லாதபோது, மிச்சமானதைக் கொண்டு தரிசாகக் கிடந்த இன்னொரு ஏக்கரில் வாழை வைப்பதுதான் வழக்கம். அமெரிக்காவின் கேன்சஸில் அரசு மானியத்தோடு சிக்கனத் தெளிப்பான்களுக்கு மாறிய பிறகு நிலத்தடி நீர் எடுப்பு கூடவே செய்தது. சிறு, குறு விவசாயிகளுக்கு இங்கே 100 சதவீத மானியம் இருக்கிறது, கட்டாயம் வாங்கிப் போடுங்கள். ஆனால் பரப்பைக் கூட்டுவதற்கு முன் கோடையில் போரின் நீர்மட்டத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.