குடம் வைக்கவே இடமில்லாத வீட்டில் குப்பையை எப்படிப் பிரிப்பது? – கேள்வி பதில்

சேலம் கிச்சிப்பாளையத்தில் எங்கள் மகளிர் குழு வீடு வீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அந்த வேலையில் இருக்கிறேன். போன மாதம் சேலத்தின் பல பகுதிகளிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவர்களோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசினோம். அன்று அவசரத்தில் பாதியாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் வீடு ஒரே அறை. வாசலில் குடம் வைக்கவே இடமில்லை. மூன்று கூடை வைக்கச் சொன்னால் எங்கே வைப்பது? (களரம்பட்டி)

மூன்று கூடை வேண்டாம், கண்ணு. 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னது உண்மைதான். அதற்காக மூன்று பெரிய கூடை வாங்க வேண்டியதில்லை. மக்கும் குப்பைக்கு மட்டும் மூடி போட்ட சின்ன பக்கெட் ஒன்று வை. அது தினமும் காலியாக வேண்டும். மக்காத குப்பைக்குக் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து ஓர் அரிசிச் சாக்கைத் தொங்கவிடு. ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம் கிடந்தாலும் நாறாது. பிளேடு, ஊசி, பேட்டரி, ஃப்யூஸ் போன பல்பு, காலாவதியான மாத்திரை இதெல்லாம் ஒரு பழைய டப்பாவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அது நிறைய மாதக் கணக்காகும்.

பால் கவரை மட்டும் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசி, பாத்திரம் கழுவும் இடத்துச் சுவரில் ஒட்டிவிடு. காய்ந்ததும் தானே உரிந்து வரும். கவரை வெட்டும்போது மூலையைத் தனித் துண்டாக நறுக்கி எறியாதே, பாதி வெட்டி அப்படியே விடு. அந்தச் சின்ன முக்கோணத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்.

நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். அப்புறம் நாங்கள் எதற்குப் பிரிக்க வேண்டும்? (கொண்டலாம்பட்டி)

அன்று அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கேட்டவர்களின் கோபம் நியாயமானது. எங்கள் தெருவிலும் முதலில் இதேதான் நடந்தது. நான் ஒரு நாள் காலை வண்டியோடு கூடவே நடந்தேன். முதல் எட்டு, பத்து வீடுகள் வரை சரியாகத்தான் போனது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு பக்கெட் சாம்பார் சோறு பேப்பர் இருந்த பக்கத்தில் விழுந்தது. அவ்வளவுதான், மேலே கிடந்த அட்டை, பேப்பர், கவர் எல்லாம் ஊறிவிட்டது. பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடைக்கு எடுக்க மாட்டார். அதற்குப் பிறகு தள்ளிக்கொண்டு வரும் அம்மாவுக்கு எந்தப் பக்கம் கொட்டினால் என்ன? அவர் பிரிக்காமல் போனது சோம்பலால் இல்லை.

நாங்கள் செய்தது இரண்டு காரியம். மக்காத குப்பையை வண்டியில் போடுவதையே நிறுத்தினோம். வாரம் ஒரு நாள் குழுப் பெண்களே சாக்கோடு வந்து வாங்கிக்கொள்வோம், மற்ற நாட்களில் வண்டிக்கு மக்கும் குப்பை மட்டும். இன்னொன்று, வண்டி வரும் நேரம். அப்போது ஒன்பது மணிக்கு மேல் வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் கட்டட வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பூட்டிய வீட்டுக் குப்பை கவரில் கட்டப்பட்டு ராத்திரி தெரு மூலையில் விழும். ஆறரைக்கு வரச் சொல்லிக் கேட்டு வாங்கிய பிறகு மூலைக் குப்பை பெரும்பாலும் நின்றுவிட்டது. ஏழைகள் வசிக்கும் தெரு என்றாலே அழுக்குப்பிடித்த மக்கள் என்று பேசுகிறவர்கள், வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

உரத் தொட்டி வைத்தேன். பத்து நாளில் நாற்றம் தாங்கவில்லை, வெள்ளையாகப் புழு வேறு. வீட்டுக்காரர் தூக்கிப் போடச் சொல்கிறார். (தாதகாப்பட்டி)

போட்டுவிடாதீர்கள், காப்பாற்றலாம். நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, ஈரம் அதிகம் என்று அர்த்தம். காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும், அவைதான் அழுகிய முட்டை வாடையைக் கொண்டுவருகின்றன. தொட்டியைச் சாக்கின் மேல் கவிழ்த்து, கட்டிகளை உடைத்து, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். காய்ந்த இலை, மரத்தூள், தென்னை நார்க் கழிவு, எதுவும் இல்லையென்றால் கிழித்த முட்டை அட்டை என்று கிடைத்ததைக் கலந்து திரும்பப் போடுங்கள். இனி ஒரு கை காய்கறித் தோல் போட்டால் மேலே ஒரு கை காய்ந்த சருகு போட வேண்டும். மொத்தத்தில் தழைச்சத்தைப்போல (நைட்ரஜன்) இருபத்தைந்து, முப்பது மடங்கு கரிச்சத்து (கார்பன்) இருந்தால்தான் நன்றாக மக்கும். அந்தக் கரிச்சத்தைத் தருவது சருகு.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். புட்டு மாவு போலப் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். விரல் இடுக்கில் சொட்டினால் சருகு சேருங்கள். பொடியாக உதிர்ந்தால் ஒரு டம்ளர் புளித்த மோர் தெளியுங்கள். இருபது லிட்டர் பெயிண்ட் டப்பா என்றால் அடியிலும் பக்கத்திலும் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஓட்டை போடாத டப்பாவில்தான் பெரும்பாலும் இந்தக் கதை நடக்கிறது.

புழு தடித்து, பழுப்பு வரியோடு இருந்தால் அது கருப்புப் படைவீரன் ஈயின் புழுவாக இருக்கும். சோற்றை எல்லாம் வேகமாகத் தின்று தீர்க்கும். அந்த ஈ வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் உட்காராது. சின்ன வெள்ளைப் புழு என்றால் வீட்டு ஈ முட்டை வைத்திருக்கிறது. மேலே இரண்டு அங்குலம் சருகு மூடினால் அது நின்றுபோகும். கறி, மீன், எண்ணெய்க் குழம்பு இந்தத் தொட்டிக்கு வேண்டாம். அவற்றை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மாதத்தில் மண் வாசனை வந்துவிடும். மழை பெய்த தரையின் வாசனை என்று எங்கள் குழுவில் ஒரு பாட்டி சொன்னார், அப்படியேதான் இருக்கும்.

மாம்பழ சீசனில் தோலும் கொட்டையும் மலையாகச் சேர்கிறது. (அஸ்தம்பட்டி)

தோல் தொட்டிக்குப் போகலாம், இனிப்பு என்பதால் சருகு இரண்டு மடங்கு போடுங்கள். கொட்டை சுலபத்தில் மக்காது. வெயிலில் காயவைத்து வண்டியில் கொடுங்கள்.

அடுப்புப் பற்றவைக்க ஒரு கேரி பேக்கைக் கொளுத்துவோம். கொஞ்சம்தானே, தப்பா? (ஜாகீர் அம்மாபாளையம்)

தப்புதான் அம்மா. அந்தப் புகை முதலில் போவது அடுப்புக்கு எதிரே குனிந்து ஊதும் உங்கள் நெஞ்சுக்குள். பி.வி.சி. கலந்த பொருள் எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சின் என்ற நஞ்சும் வரும். டையாக்சின் உடம்பின் கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் போகாது. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். நம் ஊர் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை உள்ள ஊர். பனிக்கால விடியலில் தெருவில் எரித்த குப்பையின் புகை கலையாமல் கூரை உயரத்திலேயே நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தென்னம்பாளையைக் காயவைத்து வையுங்கள், ஒரே குச்சியில் பற்றும்.

வீட்டில் கொலுசு வேலை செய்கிறோம். மிச்ச ஆசிட்டை எங்கே ஊற்றுவது? (பள்ளப்பட்டி)

சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். அடைப்பு எடுக்க அதில் கை வைப்பவரை நினைத்துப் பாருங்கள். அது வீட்டுக் குப்பையே இல்லை, தொழில் கழிவு. வேலை கொடுத்த பட்டறைதான் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள். நீங்களாகச் சுண்ணாம்பு போட்டுப் பார்க்க வேண்டாம், பொங்கித் தெறிக்கும்.

கேட்டது நீங்கள்தான் என்றாலும் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். கொலுசுப் பட்டறையில் தரையைப் பெருக்கிய தூசியை யாரும் வெளியே கொட்டுவதில்லை. அதில் வெள்ளி இருக்கிறது என்று தெரியும், சேர்த்து வைத்து விற்கிறார்கள். அம்மாபேட்டைத் தறிக்காரர்கள் நூல் பிசிறைத் தனியாகக் கட்டி விற்கிறார்கள், அது வண்டிப் பட்டறையில் கை துடைக்கப் போகிறது. கலக்காமல் வைத்தால் காசு என்பது இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயமா?

தனித்தனியாகக் கொண்டுபோனால் பழைய இரும்புக் கடையில் ஒன்றும் தேறவில்லை. சேர்ந்து விற்கலாமா? (கிச்சிப்பாளையம்)

சேர்ந்துதான் விற்க வேண்டும். ஒரு வீட்டு பாட்டிலை எடை போடவே கடைக்காரருக்கு மனம் வராது. ஐம்பது வீட்டுச் சரக்கை வகை பிரித்துக் கட்டினால் அவரே வண்டி அனுப்புவார். அட்டை, பேப்பர், தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாட்டில் மாதிரி கெட்டியானவை, பால் கவர், தகரம், கண்ணாடி என்று தனித்தனிச் சாக்கு. டீக்கடை பேப்பர் கப் பேப்பரோடு போகாது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே இதையெல்லாம் எந்தக் கடையும் வாங்காது. பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் பிரிக்க முடியாது. பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகத்தான் போகும். அதைத் தனியாகக் கட்டி மாநகராட்சியிடம் ஒப்படையுங்கள்.

இந்தோனேசியாவில் பந்துல் என்ற ஊரில் 2008-ல் குப்பை வங்கி ஒன்று தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரு பாஸ்புக். கொண்டுவரும் சரக்கை எடை போட்டு வரவு வைப்பார்கள், தேவைப்படும்போது பணமாக எடுத்துக்கொள்ளலாம். இப்போது அந்த நாடு முழுக்க அப்படி வங்கிகள் இருக்கின்றன. நமக்குக் குழுக் கணக்கு எழுதும் பழக்கம் ஏற்கெனவே உண்டு, ஒரு நோட்டு கூடுதலாகப் போட்டால் போதும். ஆனால் சரக்கு விற்ற பணத்தில் மட்டும் பிரிக்கும் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், கட்டாது. கேரளத்தில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களும் புனேயில் குப்பை பொறுக்குகிறவர்களின் ஸ்வச் கூட்டுறவும் வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் வாங்குகிறார்கள்.

தெருவில் ஏற்கெனவே சாக்கோடு பொறுக்குகிறவர்கள் இருந்தால் அவர்களையும் குழுவில் சேருங்கள். அவர்கள் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு நாம் சுத்தம் செய்வது முறையில்லை. அவர்களை அடையாளம் கண்டு வேலையில் இணைக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. எந்த பாட்டில் எந்த வகை என்று அவர்கள் விரலால் நெரித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

நாப்கினை எப்படிக் கொடுப்பது? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (பெயர், ஊர் சொல்லவில்லை)

கூச்சப்பட ஒன்றுமில்லை, கண்ணு. பழைய நாளிதழில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தனியாகக் கையில் கொடு. வட்டத்தைப் பார்த்தால் வாங்குகிறவர் பிரித்துப் பார்க்க மாட்டார். குழந்தை டயப்பருக்கும் இதேதான், உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டுச் சுற்று.

ஏற்காட்டில் எங்கள் கிராமத்துக்கு வண்டியே வருவதில்லை. குழியில் போட்டால் குரங்கும் காட்டெருமையும் கிளறுகின்றன. (ஏற்காடு)

சமைத்த சோறு குழிக்குப் போகவே கூடாது, அதைத் தேடித்தான் அவை வருகின்றன. ஆடு மாடு இருந்தால் அன்றைக்கே வைத்துவிடுங்கள். தோல், சருகு, காபிப் பழத்தோல் இவற்றைச் சாணத்தோடு அடுக்கி, கல் வைத்துக் கட்டிய தொட்டியில் மேலே கம்பி வலை போட்டு மூடுங்கள். காபித்தோல் புளிப்பு அதிகம், சாணம் தாராளமாகச் சேர வேண்டும். மாதம் இரண்டு முறை கிளறுங்கள்.

பிளாஸ்டிக்கைப் புதைக்காதீர்கள். திருமணிமுத்தாறு உங்கள் மலையில்தான் பிறக்கிறது. அங்கே ஓடையில் விழும் கவர் மழைக்கு இறங்கி எங்கள் ஊர்ச் சாக்கடையோடு சேர்கிறது. காய்ந்த சரக்கை மட்டும் அமுக்கிக் கட்டி ஒரு கொட்டகையில் சேர்த்து வையுங்கள். கேஸ் சிலிண்டரும் மளிகையும் ஏற்றிக்கொண்டு மேலே வரும் வண்டிகளில் பல இறங்கும்போது காலி இடத்தோடுதான் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுகின்றன. மாதம் ஒருமுறை அதில் பத்துச் சாக்கு ஏற்றிவிடச் சொல்லி ஓட்டுநரிடம் பேசிப் பாருங்கள். கீழே இறக்கி வாங்கிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.