கூகுள் லாகின், ஆப்பிள் லாகின்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை, கையில் வேலை இல்லை. கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் கணக்கால் உங்கள் தளத்துக்குள் ஆளை விடுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள்.

கூகுள் பட்டனை அழுத்தினால் எரர் 400, ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச். கூகுள் கன்சோலில் முகவரியைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

சரியாக இருந்தால் இந்த எரர் வராது. ரீடைரக்ட் யூஆர்ஐ என்பது லாகின் முடிந்ததும் கூகுள் ஆளைத் திருப்பி அனுப்பும் உங்கள் தள முகவரி. கன்சோலில் நீங்கள் பதிந்ததையும் உங்கள் ஆப் அனுப்புவதையும் கூகுள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும், எச்டிடிபிஎஸ்ஸில் எஸ் விட்டுப்போனாலும், போர்ட் எண் மாறினாலும் ஒத்துக்கொள்ளாது. எரர் பக்கத்தில் விவரத்தைத் திறந்தால் உங்கள் ஆப் அனுப்பிய முகவரி இருக்கும். அதை காப்பி செய்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலை சர்வர் நின்றால், பின்னால் இருக்கும் ஆப் தன்னை வெறும் எச்டிடிபி என்றே நினைத்துக்கொண்டு முகவரியை அனுப்பும். வினை பெரும்பாலும் அங்கேதான்.

ஆண்ட்ராய்ட் ஆப் என் போனில் ஓடுகிறது, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் எரர் 10.

ஸ்டோரில் வேறு சாவியால் கையெழுத்தாகிறது. பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்திலுள்ள ஷா-1ஐயும், அதாவது அந்தச் சாவியின் கைரேகையையும், கூகுள் கன்சோலில் சேர்த்துவிடுங்கள்.

ஆப்பிள் லாகினில் முதல் நாள் பெயர் வந்தது, இப்போது வருவதில்லை. அப்புறம் ஸ்டேட் மிஸ்மேட்ச் என்று வேறு படுத்துகிறது.

பெயரை ஆப்பிள் முதல் முறை மட்டும்தான் தரும், அப்போதே சேமிக்க வேண்டும். இரண்டாவதுதான் என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடாமல் செய்தது. ஸ்டேட் என்பது லாகின் தொடங்கும்போது உங்கள் தளம் அனுப்பும் ரகசியக் குறி; பதில் நீங்கள் தொடங்கிய லாகினுக்குத்தானா என்று பார்க்க அதன் பிரதியை குக்கீயில் வைத்திருப்பீர்கள். பெயரோ மின்னஞ்சலோ கேட்டால் ஆப்பிள் பதிலை போஸ்ட்டாக, அதாவது படிவம் அனுப்புவதுபோல, திருப்பி அனுப்பும். உங்கள் குக்கீயின் சேம்சைட் அமைப்பு லாக்ஸ் என்றிருந்தால், வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு பிரவுசர் அதை அனுப்பாது. ஸ்டேட்டை ஒப்பிட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு குக்கீக்கு மட்டும் சேம்சைட் நன், கூடவே செக்யூர். ஸ்டேட் சோதனையையே எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் தளம் யாரென்று ஆப்பிளிடம் நிரூபிக்கும் கிளையன்ட் சீக்ரெட் அதிகபட்சம் ஆறு மாதம்தான் செல்லும், காலண்டரில் குறித்துவையுங்கள். நான் குறிக்கவில்லை, ஒரு சனிக்கிழமை காலை வாடிக்கையாளரின் போன் வந்தபோதுதான் தெரிந்தது.

யூசர் டேபிளில் மின்னஞ்சலையே அடையாளமாக வைக்கலாமா?

கூடாது. லாகின் முடிந்ததும் கூகுளோ ஆப்பிளோ தரும் ஐடி டோக்கனில் வரும் சப் என்ற மதிப்பையும் (கணக்குக்கு ஒன்று, மாறாது) அதைக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்து வையுங்கள். மின்னஞ்சல் கடிதம் போடத்தான்.

ரீடைரக்ட் மிஸ்மேட்ச் வருகிறது, உதவுங்கள்.

முதல் பதில்.

மின்னஞ்சலை அடையாளமாக வைக்கக் கூடாது என்கிறீர்களே, அது வெரிஃபைட் என்று கூகுளே சொல்லும்போது உங்களுக்கு என்ன பயம்? ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு உண்டாகி அவர் கத்தினால் நீங்களா வந்து பதில் சொல்வீர்கள்?

கத்தட்டும். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் என்று ஒரு பொது முகவரி, அதை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போகிறார், அதே முகவரி அடுத்தவருக்குப் போகிறது. கூகுளைப் பொறுத்தவரை அதுவும் வெரிஃபைட்தான். புது ஆளுக்குப் புதுக் கணக்கு திறந்திருந்தால் சப் மாறும், முகவரி மாறாது. முகவரியை அடையாளமாக வைத்திருந்தால் பழையவரின் பில் எல்லாம் புதியவர் முன்னால் விரியும். இன்னொன்று: உங்கள் முகவரியைப் போட்டு நான் பாஸ்வேர்டோடு ஒரு கணக்குத் தொடங்கிவைக்கிறேன், தளம் சரிபார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து நீங்கள் கூகுள் வழியாக வருகிறீர்கள். முகவரி ஒன்றுதானே என்று தளம் இரண்டையும் இணைத்துவிட்டால், என் பாஸ்வேர்ட் உங்கள் வீட்டுச் சாவி.

அப்படியானால் இணைக்கும்போது பழைய பாஸ்வேர்டை அழித்துவிட்டால் போயிற்று.

பழைய கணக்கு சரிபார்க்கப்படாததாக இருந்தால், சரி, ஒப்புக்கொள்கிறேன். பாஸ்வேர்ட் மட்டுமல்ல, ஏற்கெனவே லாகின் ஆகித் திறந்திருக்கும் செஷன்களையும் சேர்த்து அழிக்க வேண்டும். சரிபார்த்த கணக்கென்றால் ஒருமுறை பழைய பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டு இணையுங்கள். ஆனாலும் டேபிளில் சப்தான்.

ஃபேஸ்புக்கில் சிலருக்கு மின்னஞ்சலே வருவதில்லை.

அவர்களில் பலர் போன் எண்ணால் கணக்குத் தொடங்கியவர்கள். பார்த்தீர்களா, மின்னஞ்சலைச் சாவியாக வைத்தவர் இங்கே என்ன செய்வார்?

ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டும் வெப்வியூவில் கூகுள் லாகின்?

2017லேயே அடைத்துவிட்டார்கள். சிஸ்டம் பிரவுசரைத் திறங்கள்.

ரீடைரக்ட் மிஸ்மேட்ச். முதல் பதிலைப் படித்துவிட்டேன், சாய்கோடு எல்லாம் சரி.

எஸ்?

எஸ்தான். நன்றி அண்ணா.