தறிக்கு முன்பணம் கேட்டால் வாசலிலேயே நிறுத்துங்கள்

கேள்வி: தக்கலை அருகே பத்துப் பெண்கள் சேர்ந்து சுயஉதவிக் குழு நடத்துகிறோம். ஆளுக்கு 35,000 ரூபாய் கட்டினால் தறி தந்து, பட்டு நெசவு கற்றுக்கொடுத்து, நெய்த சேலையையும் தானே வாங்கிக்கொள்வதாக ஒரு முகவர் சொல்கிறார். குழுக் கடன் எடுத்துச் சேரலாமா?

பதில்: வேண்டாம். கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால் இத்தோடு விட்டுவிடுங்கள்.

காஞ்சிபுரம், ஆரணிப் பக்கம் கூலிக்கு நெய்பவருக்குப் பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்), ஜரிகை எல்லாவற்றையும் நெய்யக் கொடுப்பவரே தருவார். பல இடங்களில் முன்பணமும் தருவார். (அந்த முன்பணம் நெசவாளியை ஆண்டுக்கணக்கில் ஒரே முதலாளியின் வாசலில் கட்டிப்போடுவது தனிக் கொடுமை.) உங்களிடம் வந்தவரோ நெய்யப்போகிறவரிடமே பணம் கேட்கிறார். பத்துத் தறி விற்றதும் அவருடைய லாபம் முடிந்துவிடும். அதன்பின் உங்கள் சேலை எதற்கு அவருக்கு?

வாங்கிக்கொள்வதாக எழுதித் தருகிறாரே என்பீர்கள். அந்தத் தாளில் ‘தரமாக இருந்தால்’ என்று ஒரு வரி இருக்கும். தரம் பார்ப்பவரும் அவரே. புதிதாக நெய்யும் யாருடைய சேலையிலும் இழை அறுந்த இடமும் கரை இழுத்த இடமும் இருக்கத்தான் செய்யும். ஒவ்வொன்றுக்கும் கூலியில் பிடித்தம் விழும்.

எடைக் கணக்கு இதைவிட மோசம். கச்சாப் பட்டில் பசை உண்டு. சாயத்துக்கு முன் காய்ச்சி எடுக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். காய்ச்சாத நூலின் எடையை நோட்டில் எழுதிவிட்டு, சேலையை நிறுத்துப் பார்த்து ‘மீதி நூல் எங்கே?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பட்டு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். மழை நாளில் நிறுத்துக் கொடுத்து, வெயில் காலத்தில் நிறுத்து வாங்கினாலே குறையும். திருட்டுப் பட்டம் உங்களுக்கு வரும். நூல் வாங்கும்போதே காய்ச்சியதா என்று கேட்டு, உங்கள் தராசில் நிறுத்து, உங்கள் நோட்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். நூலில் ஓர் இழையைக் கொளுத்தியும் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர்.

உடலையும் கரையையும் வேறு நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா (ஊடை நூலை எடுத்துச் செல்லும் கருவி) ஓட வேண்டும். பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். முகவர் சொல்லும் கூலி சேலைக்கு. அதை இரண்டு பேர் பங்கிட வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார். நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுபவருக்கோ எந்தக் கணக்கிலும் பெயரே கிடையாது. அது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான்.

கடனுக்கு வருகிறேன். மத்திய அரசின் நெசவாளர் முத்ரா திட்டத்தில் 6 சதவீத வட்டிக்குக் கடன் உண்டு. ஆனால் கடனுக்கு அரசு தரும் நெசவாளர் அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குத் தறியில் நெய்துகொண்டிருக்க வேண்டும், தறிக்குக் கடன் வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் ஒரு நாளாவது தறிக்குழியில் கால் வைத்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். இந்தச் சந்தில்தான் ‘அட்டை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கொடுங்கள்’ என்று இடைத்தரகர் நுழைகிறார். அட்டைக்குக் கட்டணமே கிடையாது.

உங்கள் குழுவில் வடசேரி, இரணியல் பக்கம் பருத்தி நெய்து பழகிய வீட்டுப் பெண் யாராவது இருந்தால், அவர் ஒருவருக்கு மட்டும் வேறு பதில். அவருக்குத் தறி வாங்கும் செலவில்லை. பாவு இழைகளைப் பிரித்து வைக்கும் அச்சும், அவற்றை ஏற்றி இறக்கும் விழுதும் மாற்றினால் போதும். அப்போதும் அவசரம் கூடாது. பட்டுப் பாவில் இழைகள் மெல்லியவை, நெருக்கமானவை. கை பழகும்வரை ஒரு நாளில் நெய்யும் நீளம் பாதியாகக்கூடக் குறையும். ஓணத்துக்கு முன் கேரளத்துக்குப் போகும் முண்டு (வேட்டி), நேரியது (மேல்துணி) வேலையை விட்டுவிட்டுப் பட்டுக்குத் தாவினால் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். ஓணம் முடிந்த கையோடு மாறலாமா என்றால், அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழை. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குழித்தறியில் ஈரம் ஊறினால் பாவு தொய்யும். தை பிறந்தபின் பட்டுப் பாவை ஏற்றட்டும். ஒரு பாவு முடிந்து கூலி கைக்கு வந்தபிறகு பருத்தியா பட்டா என்று அவரே முடிவுசெய்யட்டும்.

மற்ற ஒன்பது பேர் நாகர்கோவிலில் உள்ள கைத்தறித் துறை அலுவலகத்துக்குப் போய், பட்டு வேலை தரும் கூட்டுறவுச் சங்கம் எது, உதவித்தொகையுடன் பயிற்சி எப்போது என்று மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் கேட்டால் ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்பார்கள். பயிற்சி தரும் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையங்கள் சென்னை, காஞ்சிபுரம், சேலம் என்று வடக்கே இருக்கின்றன. கைக்குழந்தையோடு இங்கிருந்து ஒரு பெண் எப்படிப் போவாள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. முதலில் இரண்டு பேர் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். சங்க உறுப்பினர் பெயரும் கூலி விழும் வங்கிக் கணக்கும் நெய்பவருடையதாக இருக்கட்டும், கணவருடையதாக வேண்டாம்.

முகவர் மறுபடி வந்தால், முதல் தறியையும் முதல் பாவையும் அவர் செலவில் போடச் சொல்லுங்கள். சம்மதித்தால் அவர் தரும் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.