கிட்டார் கேபினெட்டுக்குப் புது ஸ்பீக்கர்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதி, "எந்த ஸ்பீக்கர் நல்லது?" என்ற ஒற்றை வரி. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. என்ன ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி), என்ன கேபினெட் (ஸ்பீக்கர் பொருத்திய பெட்டி), எவ்வளவு சத்தத்தில் வாசிப்பீர்கள் என்று எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: 50 வாட் டியூப் (வால்வு) ஆம்ப். கேபினெட்டின் பின்னால் 16 ஓம் என்று போட்டிருக்கிறது, உள்ளே இரண்டு ஸ்பீக்கர். எத்தனை ஓமில் வாங்குவது?

பதில்: முதலில் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைத் தொடராக இணைத்திருந்தால் 16. அதே இரண்டை இணையாகக் கொடுத்தால் 4. உங்களுடையது தொடர் இணைப்பு என்றால் 8 ஓமில் இரண்டு வாங்கி, வயரிங்கை அப்படியே விடலாம். முடித்ததும் கேபினெட் ஜாக்கில் மல்டிமீட்டர் வையுங்கள். 16 ஓம் கேபினெட் என்றால் மீட்டர் 12, 13 காட்டும். அது டிசி மின்னோட்டத்துக்கான தடை, எழுதியிருக்கும் ஓமைவிட எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ வயர் விட்டிருக்கிறது. அந்த நிலையில் டியூப் ஆம்பைப் போட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி: அதே 50 வாட்டுக்கு செலெஸ்டியன் கம்பெனியின் 25 வாட் கிரீன்பேக் ஸ்பீக்கர் இரண்டு போதுமா? கூட்டினால் 50 வருகிறதே!

பதில்: கூட்டல் சரிதான். ஆனால் ஆம்பின் 50 வாட் என்பது சத்தம் உடையாமல் சுத்தமாக வரும் வரைக்குமான கணக்கு. முழுசாகத் திருகி ஓவர்டிரைவில் வாசித்தால் டியூப் ஆம்ப் அதைத் தாண்டிப் போகும். இரண்டு மடங்கு தாங்குகிற மாதிரி வாங்குங்கள். கிரீன்பேக்தான் வேண்டும் என்றால் நான்கு. இரண்டுதான் இடம் என்றால் அதன் சாயலிலேயே 65 வாட் தாங்கும் கிரீம்பேக் இருக்கிறது.

கேள்வி: அண்ணா, 75 வாட் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 60 வாட் விண்டேஜ் 30 போடலாம் என்று இருக்கிறேன். சத்தம் குறைந்துவிடுமா?

பதில்: கூடும் தம்பி! எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பது மட்டும்தான். எவ்வளவு கத்தும் என்று சொல்வது அதன் டெசிபெல் எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளப்பார்கள். செலெஸ்டியன் கொடுத்திருக்கும் கணக்கில் விண்டேஜ் 30க்கு 100, அவர்களின் 75 வாட் ஸ்பீக்கரான ஜி12டி-75க்கு 97. மூன்று டெசிபெல்தானே என்று நினைக்காதீர்கள். ஆம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பதும் அதே மூன்றுதான். பெரிய ஆம்ப் வாங்க நினைப்பவர்களிடம் முதலில் ஸ்பீக்கரின் இந்த எண்ணைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: விண்டேஜ் 30 மேல்-மிட் பகுதியில் (நடுத்தொனிகளின் மேல் பாதியில்) முன்னால் வந்து நிற்கும். பேண்டில் கிட்டார் அமுங்கிப் போகிறவர்களுக்கு அது வரம். தனியாக அறையில் வாசித்தால் காதைக் குத்தும். இரண்டையும் கலந்து ஒரே கேபினெட்டில் போடலாம், ஓம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதும் 100 டெசிபெல்காரர்தான் தூக்கலாகக் கேட்பார்.

கேள்வி: இரண்டு புது ஸ்பீக்கர் போட்டேன். தனித்தனியாக அருமை. சேர்த்தால் அடித்தொனியே இல்லை.

பதில்: ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னால் தெரியும் காகிதக் கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, காற்று இங்கேயே சரிக்கட்டிவிடுகிறது. ஆம்ப் வயரைப் பிடுங்கிவிட்டு, 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸில் வைத்து, மைனஸ்ஸை ஒரு கணம் மட்டும் தொடுங்கள். 'டொப்' என்று கோன் வெளியே வர வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் நகர்ந்தால் சரி. பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது தலைகீழ், உள்ளே போகும். அதனால் குறியை நம்பாமல் கோனைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் 12 இன்ச் ஹைஃபை ஸ்பீக்கரைப் போடலாமா?

பதில்: வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை வடிகட்டித் தருவதே அந்தக் 'குறை'தான்.

கேள்வி: புது ஸ்பீக்கர் விறைப்பாக ஒலிக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: சில வாரம் நன்றாகச் சத்தமாக வாசியுங்கள். கோனின் ஓரம் இளகினால் கொஞ்சம் அடங்கும். அதற்குள் இன்னொன்று செய்யுங்கள்: கேபினெட் தரையில், உங்கள் காது நாலடி மேலே. கூர்மையான ஒலி நேர்க்கோட்டில் முழங்காலைத் தாண்டிப் போகிறது. குனிந்து ஸ்பீக்கருக்கு நேராக ஒரு தடவை கேட்டுவிட்டு டிரெபிளைத் திருகுங்கள். அப்புறம் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: கழற்றி மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: ஸ்க்ரூடிரைவரில்! முதல் தடவை மாற்றும்போது கடைசி ஸ்க்ரூவில் என் கை வழுக்கி, பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகாத கோனில் முனை இறங்கியது. இப்போது கோன் மேல் அட்டை வெட்டி வைக்காமல் கை வைப்பதில்லை. எதிரெதிர் ஸ்க்ரூக்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், பலம் காட்டாதீர்கள். ஸ்பீக்கரின் சட்டம் நெளிந்தால், கோனை அசைக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) உரசும்.

கேள்வி: அந்தக் கிழிந்த கோன் என்ன ஆயிற்று?

பதில்: மெல்லிய டிஷ்யூ காகிதம், தண்ணீர் விட்ட வெள்ளைப் பசை, ஒரு ராத்திரி காயவிட்டேன். இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது.